அடைப்பு நீக்கம்: ஒரு வினைச்சொல்லின் மருத்துவ வரலாறு

ஆங்கிலத்தில் ‘டிஆப்ஸ்ட்ரக்ட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அடைப்பை நீக்கு, வழியைத் திற என்பது அதன் பொருள். இன்று அதைப் பேச்சில் கேட்க முடியாது. பெரிய அகராதிகளில் தேடினால்தான் கிடைக்கும். லத்தீனில் ‘ஸ்ட்ருவெரே’ என்றால் அடுக்குதல், கட்டுதல். அதன்முன் ‘ஆப்’ சேர்ந்தால் எதிரே கட்டுதல், அதாவது சுவர் எழுப்பி வாசலை அடைத்தல். கட்டடத்தைக் குறிக்கும் ‘ஸ்ட்ரக்சர்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். எதிரே கட்டியதைப் பிரித்தெடு என்று சொல்வதற்காக 17ஆம் நூற்றாண்டில் ‘டி’ என்ற முன்னொட்டையும் சேர்த்தார்கள். இதைப் பெரிதும் கையாண்டவர்கள் கொத்தனார்களோ கால்வாய் வெட்டியவர்களோ அல்லர், மருத்துவர்கள். கல்லீரல், மண்ணீரல், நுண்ணிய நாளங்கள் இவற்றில் ஏற்பட்டதாக அவர்கள் கருதிய அடைப்புகளை நீக்குவதற்கே இந்தச் சொல் பயன்பட்டது. அப்படி நீக்கும் மருந்துக்கு ‘டிஆப்ஸ்ட்ருவென்ட்’ என்று பெயர் வைத்தார்கள். மருந்து நூல்களில் அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

அதே வேலைக்கு ஆங்கிலத்தில் வேறு வினைச்சொற்களும் இருந்தன. இன்று சமையலறைத் தொட்டியின் குழாயைச் சுத்தம் செய்பவர் சொல்லும் ‘அன்கிளாக்’ அவற்றில் ஒன்று. ‘கிளாக்’ என்பது முதலில் மரக்கட்டையைக் குறித்தது. மேயும் விலங்கு வெகுதூரம் ஓடாமல் இருக்க அதன் காலிலோ கழுத்திலோ கட்டிவிடும் கட்டை அது. பிறகு நடையைத் தடுக்கும் எதற்கும் பெயராகி, கடைசியில் குழாயில் சேரும் கசடுக்கு வந்து சேர்ந்தது. மருத்துவர்களிடம் புழங்கிய இன்னொரு சொல் ‘டிஆப்பிலேட்’; அடித்து இறுக்கி அடைத்ததைத் திற என்று பொருள். இந்த மூன்றில் வீட்டு வேலைக்கான சொல் மட்டுமே பிழைத்தது. மருத்துவச் சொற்கள் இரண்டும் மறைந்தன. மொழியில் சொற்கள் தோன்றுவதும் மறைவதும் இயல்பு. ஆனால் இந்தச் சொற்கள் மறைந்த பிறகும் அவற்றுக்கு அடியில் இருந்த கோட்பாடு மறையவில்லை. உடல் குழாய்களால் ஆனது, நோய் என்பது குழாயில் விழும் அடைப்பு, சிகிச்சை என்பது அதைத் திறப்பது என்ற நம்பிக்கை இன்றும் இதய மருத்துவமனைகளின் வராந்தாக்களில் உயிரோடு இருக்கிறது. எங்கே அது உண்மை, எங்கே அது வழிதவறச் செய்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க, இந்த வினைச்சொல்லின் வரலாறே நல்ல துணை.

கோட்பாடு சொல்லைவிட மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த அஸ்கிளெப்பியாடிஸ், உடல் கண்ணுக்குத் தெரியாத துளைகளால் ஆனது என்றும், அவற்றின் வழியே நுண்துகள்கள் ஓடுகின்றன என்றும், துகள்கள் எங்காவது சிக்கிக்கொள்வதே நோய் என்றும் கற்பித்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் காலெனுக்கு அவருடைய துகள் கோட்பாடு பிடிக்கவில்லை. ஆனாலும் கெட்டியான திரவங்கள் உறுப்புகளின் வழிகளை அடைக்கின்றன என்ற எண்ணம் காலெனின் மருத்துவத்திலும் முக்கிய இடம் பெற்றது. அங்கிருந்து அது அரபு மருத்துவத்துக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ‘திறக்கும் வேர்கள் ஐந்து’ என்றொரு தொகுப்பு விற்பனைக்கு இருந்தது. பெருஞ்சீரகம், பார்ஸ்லி, காட்டு செலரி, அஸ்பராகஸ், புட்சர்ஸ் புரூம் ஆகிய செடிகளின் வேர்கள் அவை. 1652இல் லண்டனில் நிக்கோலஸ் கல்பெப்பர் சாதாரண மக்களுக்காக எழுதிய மூலிகை நூலைப் புரட்டினால், கல்லீரல் அடைப்பையும் மண்ணீரல் அடைப்பையும் திறக்கும் செடிகள் பல பக்கங்களில் வருகின்றன. இவற்றில் சில சிறுநீரைக் கூட்டின, சில மலத்தை இளக்கின. உடலிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறியதைக் கண்ணால் பார்த்தவர்கள், உள்ளே அடைப்பு திறந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

1628இல் வில்லியம் ஹார்வி இரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது, இந்தப் பழைய நம்பிக்கைக்குப் புதிய இயந்திரவியல் ஆதாரம் கிடைத்தது. இதயம் ஒரு பம்பு என்றால் நாளங்கள் குழாய்கள். குழாய்கள் என்றால் அவை அடைபடத்தான் செய்யும். ‘டிஆப்ஸ்ட்ரக்ட்’ என்ற சொல் அந்த நூற்றாண்டிலேயே வேரூன்றியது இந்தச் சூழலுக்குப் பொருந்திவருகிறது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹாலந்தின் லைடன் நகரில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்களை ஈர்த்த ஹெர்மன் பூர்ஹாவே, வீக்கத்தையும் சிவப்பையும்கூட இந்த வழியில்தான் விளக்கினார்: பெரிய இரத்தத் துகள்கள் தமக்குப் பொருந்தாத சிறிய நாளங்களில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன என்றார். சுத்தமான, எளிதில் வரைந்து காட்டக்கூடிய விளக்கம். அதன் குறை ஒன்றுதான்: இன்ன நோயாளிக்கு இன்ன இடத்தில் உண்மையிலேயே அடைப்பு இருக்கிறதா என்று உயிரோடு இருக்கும் உடலில் பார்க்க வழியில்லை.

அந்தக் குறையின் விலையை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாகக் காட்டும். 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வெளிறிப்போன, மூச்சு வாங்கும், மாதவிடாய் நின்றுபோன இளம்பெண்களுக்கு ‘ஓப்பிலசியோன்’, அதாவது அடைப்பு நோய் என்று பெயரிட்டார்கள். அதற்கு மருந்து இரும்பு கலந்த நீர். அதைக் குடித்துவிட்டுக் காலையில் நடக்க வேண்டும். இந்த வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், நாடகாசிரியர் லோப்பே டி வேகா அதையே வைத்து ‘மாட்ரிட் நகரத்து எஃகு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். காதலனைச் சந்திக்க விரும்பும் பெண் அடைப்பு நோய் வந்ததாக நடித்து, காலை நடைக்கு அனுமதி வாங்குவதுதான் கதை. இங்கிலாந்தில் தாமஸ் சிடென்ஹாமும் இதே போன்ற வெளிறிய நோய்க்கு இரும்புத்தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுத்தார். நோயாளிகள் தேறினார்கள். இரும்பு ‘டிஆப்ஸ்ட்ருவென்ட்’ மருந்துகளில் முதல் வரிசைக்கு வந்தது. ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அடைப்பும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுடைய நிலை இன்று நாம் இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை என்று அறிவதோடு ஒத்துப்போகிறது. 1740களில் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் வின்சென்சோ மென்கினி, சுட்ட இரத்தத்தின் தூளில் காந்தம் இழுக்கும் துகள்கள் இருப்பதைக் காட்டினார். இரும்பு எதையும் திறக்கவில்லை. இரத்தம் உருவாகத் தேவையான பொருளாகவே அது சென்று சேர்ந்தது. மருந்து சரி, விளக்கம் தவறு.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் பழைய மருத்துவர்களைக் கேலி செய்வதற்கானதல்ல. ஒரு சிகிச்சை பலித்துவிட்டால், அதற்குச் சொன்ன காரணமும் உண்மை என்று மனம் சேர்த்தே நம்பிவிடுகிறது என்பதுதான் பாடம். அடைப்பு என்ற கோட்பாட்டுக்கு இந்த வகையில் தனிச் சலுகை உண்டு. தானாகத் தணியும் மஞ்சள் காமாலையில் சில வாரம் மருந்து கொடுத்தால், அடைப்பு திறந்தது என்று சொல்லலாம். தணியாவிட்டால், அடைப்பு மிகக் கெட்டியாக இருக்கிறது என்று சொல்லி மருந்தைக் கூட்டலாம். எந்த முடிவு வந்தாலும் தோற்காத கோட்பாடு அது. அதைத் தோற்கடிக்க வேண்டுமானால் இரண்டு கருவிகள் வேண்டும்: உள்ளே பார்க்கும் கண் ஒன்று, ஒரே மாதிரி நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து ஒப்பிடும் முறை ஒன்று. இரண்டும் 20ஆம் நூற்றாண்டில்தான் மருத்துவத்தில் நிலைபெற்றன.

கண் முதலில் வந்தது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இதயத் தமனிகளுக்குள் நேரடியாகச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தார். இன்று ஆஞ்சியோகிராம் என்று எல்லோரும் அறிந்த சோதனை அது. 1964 ஜனவரி 16 அன்று ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர், கால் அழுகத் தொடங்கியும் அதை வெட்டி எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனியில் மெல்லிய குழல்களைச் செலுத்தி, குறுகலை விரித்தார். கால் பிழைத்தது. குறுக்காக வைத்த குழாயையும் ஸ்பானரையும் டாட்டர் தம் முறைக்கே சின்னமாக வைத்துக்கொண்டார். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியில் சிறு பலூனை ஊதி விரித்தார். 1986இல் கம்பிவலைக் குழல், அதாவது ஸ்டென்ட், மனித இதயத் தமனிக்குள் வைக்கப்பட்டது. அகராதியில் தூங்கிய வினைச்சொல் இப்போது உண்மையான கருவியாகக் கையில் வந்தது. அடைப்பைக் காணலாம், அளக்கலாம், திறக்கலாம், திறந்ததைப் படமெடுத்து நோயாளியிடமே காட்டலாம்.

இந்த வினைச்சொல் அப்படியே மெய்யாகும் இடம் ஒன்று உண்டு. அதை ஐயத்துக்கு இடமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். 1980இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் மார்கஸ் டிவுட்டும் குழுவினரும், பெரிய மாரடைப்பு தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு ஆஞ்சியோகிராம் செய்தபோது, 87 சதவீதம் பேருக்குத் தமனி முழுதாக மூடியிருந்தது. மூடியது இரத்தக்கட்டி. அதைக் கரைத்தால் உயிர் பிழைக்குமா? 1988இல் வெளியான ‘ஐசிஸ்-2’ ஆய்வு 17,187 நோயாளிகளில் இதைச் சோதித்தது. ஆய்வு மருந்து எதுவும் பெறாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர்கள் 13.2 சதவீதம். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 8.0 சதவீதம். மாரடைப்பு நேரத்தில் உடனே பலூனும் ஸ்டென்ட்டும் வைத்துத் தமனியைத் திறப்பது இன்று இன்னும் சிறந்த வழி. மூளைத் தமனியில் சிக்கிய கட்டியை உருவி எடுப்பதும் பக்கவாதத்தில் பலன் தருகிறது என்று 2015இல் வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. இங்கெல்லாம் நிமிடங்கள்தான் கணக்கு. ஆனாலும் ‘ஐசிஸ்-2’ முடிவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் தனியாக இறப்பை 25 சதவீதம் குறைத்தது. ஆஸ்பிரின் தனியாக 23 சதவீதம் குறைத்தது. ஆஸ்பிரின் கட்டியைக் கரைப்பதில்லை. தட்டணுக்கள் மேலும் ஒட்டிச் சேராமல் தடுக்கிறது. திறக்காத மருந்து, திறக்கும் மருந்துக்கு ஏறத்தாழ இணையாக உயிர் காத்தது.

மாரடைப்பு இல்லாமல், நடந்தால் மட்டும் நெஞ்சு இறுக்கும் நோயாளியிடம் வரும்போதுதான் சொல் சறுக்கத் தொடங்குகிறது. 80 சதவீதம் அடைத்திருக்கிறது, நாளைக்கு நூறாகிவிடும் என்ற கணக்கு குழாய்க்குச் சரி, தமனிக்குச் சரியில்லை. தமனி உயிருள்ள தசைச் சுவர். கொழுப்பும் அழற்சியும் சேர்ந்த படிவு அதன் உள்பரப்பில் ஒட்டிய கசடு அல்ல. சுவருக்குள்ளேயே வளரும் கொப்புளம் போன்றது. 1987இல் சிகாகோவின் சீமோர் கிளாகோவ், இறந்தவர்களின் தமனிகளை ஆராய்ந்து, படிவு வளர வளரத் தமனி வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது என்று காட்டினார். தமனியின் குறுக்குப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும் வரை உள்வழி குறைவதே இல்லை. ஆகவே ஆஞ்சியோகிராமில் வழுவழுப்பாகத் தெரியும் தமனியிலும் நோய் நிறைந்திருக்கலாம். படிவை மூடியிருக்கும் மெல்லிய உறை கிழிந்து, உள்ளே இருப்பது இரத்தத்தில் படும்போது அங்கே கட்டி உறைகிறது. அதுதான் பெரும்பாலான மாரடைப்புகளின் தொடக்கம். உறை கிழிவது குறுகலின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. மாரடைப்புக்கு முன்பே வேறு காரணத்துக்காக ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களின் பழைய படங்களை 1980களில் ஒப்பிட்டபோது, பின்னால் மூடிய இடம் பலருக்கு முன்பு பாதிக்கும் குறைவாகவே குறுகியிருந்தது தெரிந்தது. மறுபுறம், மெல்ல மெல்லக் குறுகும் தமனிக்குப் பக்கத்துணை நாளங்கள் வளர நேரம் கிடைக்கிறது.

குறுகலைத் திறப்பதே சிகிச்சை என்றால், திறந்தவர்கள் அதிக நாள் வாழ வேண்டும். இதைச் சோதித்தார்கள். 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வில், கணிசமான குறுகல் கொண்ட 2,287 நிலையான நோயாளிகளில் பாதிப்பேருக்கு நல்ல மருந்துகள் மட்டும், மீதிப்பேருக்கு அவற்றோடு ஸ்டென்ட் சிகிச்சையும் கிடைத்தன. சராசரியாக நான்கரை ஆண்டுக்குப் பிறகு இறப்பு அல்லது மாரடைப்பு ஸ்டென்ட் குழுவில் 19.0 சதவீதம், மருந்துக் குழுவில் 18.5 சதவீதம். 5,179 பேரைக் கொண்டு 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வும் உயிர்காப்பில் வேறுபாடு காணவில்லை. இவற்றைவிடக் கூர்மையானது 2009இன் ‘ஃபேம்’ ஆய்வு. அதில் 1,005 நோயாளிகள். ஒரு குழுவில் கண்ணில் பட்ட முக்கியக் குறுகல்கள் எல்லாவற்றையும் ஸ்டென்ட் வைத்துத் திறந்தார்கள். மறு குழுவில் மெல்லிய கம்பியால் குறுகலுக்கு அப்பால் அழுத்தம் அளந்து, உண்மையில் இரத்த ஓட்டத்தைத் தடுத்தவற்றை மட்டும் திறந்தார்கள். ஓராண்டில் முதல் குழுவில் 18.3 சதவீதத்தினருக்கு இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை போன்ற பாதகங்கள், இரண்டாவதில் 13.2. குறைவாகத் திறக்கப்பட்டவர்களே மேலும் நன்றாக இருந்தார்கள். எல்லா அடைப்பும் நோய் என்றால் இந்த முடிவு வந்திருக்கவே முடியாது.

ஸ்டென்ட் வைத்த பின் நெஞ்சுவலி போய்விட்டது என்று எத்தனையோ நோயாளிகள் சொல்கிறார்களே, அது பொய்யா என்று கேட்கலாம். பொய்யில்லை, ஆனால் அதில் எவ்வளவு ஸ்டென்ட்டின் பங்கு என்பதை அளக்க வேண்டும். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ‘ஆர்பிட்டா’ ஆய்வில் 200 பேரில் ஒரு குழுவுக்கு உண்மையான ஸ்டென்ட்டும், இன்னொரு குழுவுக்குச் செய்வதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டன. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து உடற்பயிற்சி செய்யும் நேரத்தில் இரு குழுக்களுக்கும் கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு இல்லை. அந்த நோயாளிகள் ஏற்கெனவே வலி மருந்துகளை முழு அளவில் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. நியாயமான எதிர்ப்பு. அதே குழு அந்த மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரில் மீண்டும் சோதித்தது. 2023இல் வந்த முடிவில் ஸ்டென்ட் பெற்றவர்களுக்கு நெஞ்சுவலி உண்மையாகவே குறைந்திருந்தது. ஆகவே திறப்பதற்கு ஒரு பயன் உண்டு: வலி நிவாரணம். அது சிறிய பயன் அல்ல. மருந்துக்குக் கட்டுப்படாத வலியோடு மாடிப்படி ஏற முடியாமல் இருப்பவருக்கு அதுவே போதிய காரணம். ஆனால் வலியைக் குறைப்பது வேறு, ஆயுளைக் கூட்டுவது வேறு. ஒரே வினைச்சொல் இரண்டையும் சேர்த்து வாக்களிக்கிறது.

பைபாஸ் அறுவை சிகிச்சையை எடுத்துக்காட்டி இன்னோர் எதிர்வாதம் வைக்கலாம். இடது முதன்மைத் தமனி குறுகியவர்களுக்கும், பல தமனிகள் பாதித்து இதயத் தசை தளர்ந்தவர்களுக்கும் பைபாஸ் ஆயுளைக் கூட்டுகிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததே. அப்படியானால் அடைப்பை வெல்வது பலன் தருகிறது அல்லவா? தருகிறது, ஆனால் பைபாஸ் எந்த அடைப்பையும் நீக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய குறுகலை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அப்பால் புதிய நாளத்தை இணைக்கிறது. இன்று தெரியும் குறுகல் மட்டுமல்ல, அந்த நீளத்தில் நாளை கிழியக்கூடிய சிறு படிவுகளும் இதனால் ஆபத்து குறைந்தவையாகின்றன. அவை மூடினாலும் இரத்தம் வேறு வழியில் வந்துவிடும். பல மருத்துவர்கள் பைபாஸின் மேன்மைக்குச் சொல்லும் விளக்கம் இது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் இதே திசையில் பேசுகிறது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளில் சிம்வாஸ்டாட்டின் இறப்பை 30 சதவீதம் குறைத்தது. அக்காலத்து ஆஞ்சியோகிராம் ஆய்வுகளில் இத்தகைய மருந்துகள் தமனியின் உள்வழியில் ஏற்படுத்திய மாற்றம் மில்லிமீட்டரில் மிகச் சிறிய அளவே. மருந்து குழாயை அலம்பவில்லை. படிவின் அழற்சியைத் தணித்து, கொழுப்பைக் குறைத்து, உறையைத் தடிக்க வைத்தது.

பொதுமக்களுக்கு எளிதாகப் புரிய ஓர் உவமை இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன கெடுதல் என்பது கடைசிக் கேள்வி. கெடுதல் மூன்று வழிகளில் வருகிறது. ஸ்டென்ட் வைத்தாயிற்று, அடைப்பு போயிற்று என்று நினைப்பவர், தட்டணு எதிர்ப்பு மாத்திரையையும் ஸ்டாட்டினையும் நிறுத்திவிடக் காரணம் கண்டுகொள்கிறார். ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி உறைய அது வழிவிடும். ஆஞ்சியோகிராமில் 30 சதவீதம்தான் என்று கேட்டவர், தமக்கு நோயே இல்லை என்று புகைப்பதைத் தொடர்கிறார். மூன்றாமவர், பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றை ஆப்பிள் வினிகரோடு காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் இதய அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பை நம்புகிறார். குழாய் என்று நம்பிவிட்டால் புளிப்பான திரவம் கசடைக் கரைக்கும் என்பது தர்க்கத்துக்குப் பொருந்துவதாகவே தோன்றும். அந்தச் சாறு தமனியைச் சென்று சேர்வதே இல்லை, குடலில் செரித்துவிடுகிறது. இதற்கு நேர்மாறான சிந்தனையும் பொதுவாழ்வில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கூடுதல் அளவில் கொடுக்கிறார்கள். மூன்றில் எதுவும் மூடிய தமனியை நேரடியாகத் திறக்கும் மருந்தல்ல. திறக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை நிலைமை மோசமாகாமல் பிடித்து வைக்கும் மருந்துகள்.

ஆக, ‘டிஆப்ஸ்ட்ரக்ட்’ பொய்யான சொல் அல்ல. எல்லை குறுகிய சொல். திடீரென மூடிய தமனியில் அது முழு உண்மை, அங்கே தாமதிப்பது குற்றம். மருந்துக்கு அடங்காத வலியில் அது பாதி உண்மை. ஆண்டுக்கணக்கில் சுவருக்குள் வளரும் நோயில் அது பெரும்பாலும் தவறான கேள்விக்கு வந்த விடை. 17ஆம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கு இந்த மூன்றையும் பிரிக்கக் கருவி இல்லை, நமக்கு இருக்கிறது. ஆஞ்சியோகிராம் முடிந்து அறிக்கையைக் கையில் வாங்குபவர் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டால் பழைய வினைச்சொல்லுக்குள்ளேயே நின்றுவிடுகிறார். இந்தக் குறுகல் ஓட்டத்தை உண்மையில் தடுக்கிறதா, திறந்தால் எனக்குக் கிடைப்பது ஆயுளா வலி நிவாரணமா, திறந்தாலும் திறக்காவிட்டாலும் சுவரைக் காக்க நான் செய்ய வேண்டியது என்ன என்று மூன்று கேள்விகள் கேட்க அவருக்கு உரிமை உண்டு. மூன்றாவது கேள்விக்கான விடை எல்லா நோயாளிக்கும் ஒன்றே: புகையை விடுவது, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, எழுதிக் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தாமல் எடுத்துக்கொள்வது.